அழைப்புக் கடிதம்

நாற்பத்தாறு வயதில் விண்ணப்பப் படிவம் நிரப்புவது கூச்சமான வேலை. பிறந்த தேதியை எழுதும்போதே கை தயங்குகிறது. அதையும் தாண்டியபோது பதினோராவது கேள்வி என்னை நிறுத்தியது: உங்கள் ஆய்வுக்குப் பொறுப்பேற்கும் வெளிநாட்டுப் பேராசிரியர் யார்? அவரது கடிதத்தை இணைக்கவும்.

எனக்கு வெளிநாட்டில் இரண்டு பேரைத் தெரியும். ஒருவன் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சித்தி மகன். இன்னொருத்தி துபாயில் மெஸ் நடத்தும் பள்ளித் தோழி. இருவரும் தங்கமானவர்கள். கடிதத்துக்கு உதவ மாட்டார்கள்.

நான் போக நினைத்தது ஜெர்மனியின் ஹாலே நகருக்கு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715இல் அது அச்சாகி முடிந்தது. அவரும் பின்வந்தவர்களும் எழுதிய கடிதங்களும், அங்கே போய்ச் சேர்ந்த தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலேயில் ஃபிராங்கே அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எனக்கு அக்கறை மதத்தில் அல்ல, சொல்லில். சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். 1740இல் வந்த ஃபப்ரீஷியஸ் அதை விட்டு 'பராபரன்' என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருத்தத்தில் அது 'தேவன்' ஆயிற்று. இருபது வருடமாக மொழிபெயர்த்தே பிழைப்பவளுக்கு இது சின்ன விஷயமில்லை. சொல்லை மாற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் என்ன சொன்னார்கள்? இதுதான் என் கேள்வி.

முதலில் நான் செய்தது அசட்டுத்தனம். பதினான்கு பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சல். 'தங்கள் மகத்தான பணி' என்று தொடங்கி, என் முழு வாழ்க்கை வரலாறு. வந்த பதில்கள் இரண்டு. ஒன்று, விடுமுறையில் இருப்பதாகத் தானாக வந்த செய்தி. மற்றது, முனைவர் பட்டம் எங்கே பெற்றீர்கள் என்ற விசாரிப்பு. எங்கேயும் பெறவில்லை. எம்.ஏ.வோடு நின்று, மறுவாரமே பத்திரிகை வேலையில் சேர்ந்தவள் நான்.

ஹாலேயில் ஆள் தெரிந்த ஒரு பேராசிரியரை நேரில் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். பெயரைக் கொடுக்கவில்லை. "சமயம் வரட்டும், பார்க்கலாம்மா" என்றார். நம் நாட்டில் தொடர்பு என்பதும் சொத்துதான். பாகப் பிரிவினை இல்லாமல் கைக்கு வராது.

பேட்டிக்குப் போகும் நிருபர், "எனக்கு உதவுங்கள்" என்று ஆரம்பிப்பதில்லை. படித்துவிட்டுப் போய்க் கேள்வி கேட்பார். சொந்த விஷயத்தில் தொழில் மறந்துபோயிருந்தது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவரின் கட்டுரையை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஒரு சுவடியில் வரும் 'கணக்கு' என்ற சொல்லை அவர் வரவுசெலவு என்றே கொண்டிருந்தார். கல்வெட்டுகளில் 'ஊர்க் கணக்கு' என்றால் கணக்கு எழுதும் ஆள் அல்லவா, இங்கும் அப்படி இருக்குமோ என்று ஆறு வரியில் கேட்டேன். உதவித்தொகை பற்றி மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பாதி ஒப்புக்கொண்டு, பாதி மறுத்து. நான்கு மாதம் எழுதிக்கொண்டோம். ஒன்பதாவது கடிதத்தில்தான் விஷயத்தைச் சொன்னேன், டாக்டர் பட்டம் இல்லை என்பதையும் சேர்த்து. அரைப் பக்க அழைப்புக் கடிதம் வந்தது. பட்டத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. என் கேள்வியைப் பற்றி மூன்று வரி இருந்தது.

ஒரு முள் மட்டும் உறுத்துகிறது. நம் ஓலையைப் பார்க்க அவர்கள் கடிதம் வேண்டியிருக்கிறது. ஆனால் செல்லரிக்காமல் வைத்திருந்ததும் அவர்கள்தான்.

முடிவு வர இன்னும் ஆறு வாரம் ஆகும். இதற்குள், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்து நிற்கிறாள். "அக்கா, அந்தப் புரொபசர் முகவரி கிடைக்குமா?"

உடனே எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "அவர்கிட்ட என்ன கேக்கப் போறே?"