எல் ஆல்ட்டோவின் சந்தைப் பெண்கள்

தென் அமெரிக்காவிலே, பொலிவியா நாட்டின் அரசாங்கம் வீற்றிருக்கும் நகரமாகிய லா பாஸ் ஒரு பெரும் பள்ளத்தினுள் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீற்றர் உயரத்திற் கிடக்கும் ஓர் ஊரைப் பள்ளம் என்பது, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையையே சிகரமெனக் கருதும் நமக்கு விந்தையாகத் தோன்றும். அப்பள்ளத்தின் விளிம்பில், இன்னும் 500 மீற்றர் மேலே, மரஞ்செடியற்ற மேட்டுநிலத்திற் பரந்து கிடப்பது எல் ஆல்ட்டோ. செல்வர் கீழே வெதுவெதுப்பான பகுதிகளில் வாழ்கின்றனர். வறியோருக்கு வாய்த்தது குளிர்காற்று வீசும் மேடு. புதிதாகச் செல்பவர் பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்குகின்றது. கொக்கா இலை இட்ட வெந்நீரைப் பருகக் கொடுக்கின்றனர்.

வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இம்மேட்டிலே கூடும் சந்தைக்கு எல்லையே இல்லை எனலாம். பழைய மோட்டார் வண்டியின் கதவு முதல், உறைபனியில் இட்டு மிதித்து வெயிலில் உலர்த்திய ‘சூனியோ’ என்னும் உருளைக்கிழங்கு வரை யாவும் நிலத்திற் பரப்பப்பட்டிருக்கும். விற்போரிற் பெரும்பாலோர் பெண்கள். பல மடிப்புக் கொண்ட பாவாடை, இரட்டைப் பின்னல், தலையிற் சாய்ந்தமர்ந்த வட்டத் தொப்பி. முதுகிலே வண்ணத்துணியிற் கட்டிய குழந்தை.

இவர்களுட் பலரது குடும்பங்கள் இங்கு வந்த கதை துயரமானது. 1985இல் அந்நாட்டின் விலைவாசி நூற்றுக்கு 8,000 வீதத்துக்கும் மேலாக ஏறியது. அதே ஆண்டில் வெள்ளீயத்தின் உலக விலையும் வீழ்ந்தது. அரசு சுரங்கங்களை மூடிற்று. 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர். மேட்டுக்கு வந்து குடியேறியோரின் மனைவியர் கூடையுடன் தெருவில் இறங்கினர். கூடையை நிரப்ப முதல் வேண்டுமே! பிணை வைக்க ஏதுமில்லாதவளை எந்த வங்கி உள்ளே விடும்?

இத்தறுவாயிலேதான் 1986இல் ‘புரோடெம்’ என்னும் இலாப நோக்கற்ற தாபனம் தோன்றியது. 1961 முதல் இலத்தீன் அமெரிக்காவிற் பணியாற்றிவந்த ‘அக்சியோன்’ என்ற வெளிநாட்டு அமைப்பு, பொலிவிய வணிகர் சிலருடன் கூடி இதனை நிறுவியது. கடன் கொடுக்கும் முறையை வெளியார் கொணர்ந்தனர். சந்தையில் நடந்து திரிந்து ஆளறிந்து கொடுத்தவர்கள் உள்ளூரவர். ஒருவரையொருவர் நன்கறிந்த சிலர் தாமாகவே குழுவாகக் கூடுவர். ஒருத்தி தவறினால் மற்றையோர் செலுத்துதல் வேண்டும். முதற்கடன் மிகச் சிறியது. ஒழுங்காகக் கட்டியவளுக்கு அடுத்த முறை சற்றுக் கூடுதல். வட்டி மலிவென்று எவரும் சொல்லார்.

இம்முறை அப்பெண்களுக்கு முற்றிலும் புதியதன்று. மாதந்தோறும் பணம் சேர்த்து முறைவைத்து ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொள்ளும் ‘பசனாக்கு’ அவர்களிடை வெகுகாலமாக வழங்குகின்றது. நம் தாய்மார் பிடிக்கும் சீட்டுத்தான் அது! வெளியிலிருந்து வந்த உதவி ஊன்றிய நிலம் அதுவே என்பது என் துணிபு.

1992இல் புரோடெமின் நகரப் பணி ‘பாங்கோசோல்’ என்னும் வங்கியாக மாறியது. ஏழை வணிகருக்கு வங்கியொன்று இலாபத்துடன் நடைபெறலாம் என்று உலகம் வியந்தது. வியந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதச் சம்பளக்காரருக்குக் கடன் கொடுத்துப் பழகிய கம்பனிகள் சந்தைக்குள் நுழைந்து, குழுவுமின்றி விசாரணையுமின்றிப் பணத்தை வாரி வழங்கின. ஒரு கடனை அடைக்க இன்னொன்று. அதை அடைக்க வேறொன்று. 1999இற் பொருளாதாரம் தளர்ந்ததும் எல்லாம் குலைந்தது. 2001 யூலையிற் கடன்பட்டோர் லா பாஸிலுள்ள வங்கி மேற்பார்வை அலுவலகத்தினுட் புகுந்து அங்கிருந்தோரைப் பணயம் பிடித்தனர். நுண்கடன் என்ற பெயரால் நமது வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட அல்லலை அறிந்தவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

பாங்கோசோல் அப்புயலைத் தாங்கி நின்றது, இன்றும் நடைபெறுகின்றது. ஆயினும் கடன் இப்பொழுது பெரும்பாலும் தனியாளுக்கே. பழைய குழுமுறை தேய்ந்துவிட்டது. கூட்டாளி தவறியபோது தம் கைப்பணத்தைக் கட்டி அலுத்த பெண்களே அதனை வெறுத்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சந்தையிலோ பழைய வழக்கம் மாறவில்லை. விற்பவள் வாங்குபவளை ‘கசெரித்தா’ என்று விளிக்கின்றாள். வாங்குபவளும் விற்பவளை அவ்வாறே விளிக்கின்றாள். வாடிக்கைக்காரி என்பது பொருள். விலை பேசி முடித்து, நிறுத்துத் துணியிற் கொட்டிய பின், ‘யப்பா’ என்று கேட்டால் இன்னுமொரு பிடி சூனியோ மேலே விழும்.