இருநூறு பேருக்கு ஒரு மன்றம்

பதுளையில் கடல் இல்லை. நமுனுகுல மலையும், பட்டணத்தை ஏறக்குறைய வளைத்தோடும் பதுளு ஓயாவுமே எம் மாணவர் அன்றாடம் காணும் புவியியல். ஆதலால் தீவுகளைப் பற்றிய பாடம் வந்தால் நாம் சற்று அதிகமாகவே வருணிப்பதுண்டு. அண்மையில் நோர்வே நாட்டின் படத்தை விரித்து, மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் கிடக்கும் உத்சிரா என்னும் புள்ளியைக் காட்டினோம்.

பரப்பு ஏறத்தாழ ஆறு சதுர கிலோமீற்றர். ஹெரிங் மீனை நம்பி வளர்ந்த ஊர். இன்று அங்கு வாழ்வோர் இருநூறு பேர் அளவினரே. ஆயினும், 1924 முதல் அதற்கெனத் தனி உள்ளூராட்சி மன்றம் உண்டு. (எம் பதுளைக்குப் புகையிரதம் வந்ததும் அவ்வாண்டிலேதான்.) 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் பன்னிரண்டு ஆசனங்களுள் பதினொன்றைப் பெண்களுக்கே அளித்துவிட்டனர் அத்தீவினர்! ஓசா ஹெல்கெசன் என்னும் மருத்துவச்சி மன்றத் தலைவியானார். நோர்வேயில் அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், எங்க கீழ் டிவிசன்லயே அதைவிடக் கூட ஆள் இருக்கே. எங்களுக்கு எந்த மன்றம்?"

வகுப்பு சிரித்தது. "பாடத்தைக் கவனி, பிள்ளை" என்று அவளை உட்காரவைத்தோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நாமும் லயத்திற் பிறந்து, பிள்ளை மடுவத்தில் வளர்ந்தவரே. அவளுக்குரிய விடையை அறியாதவரும் அல்லேம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. வாக்குரிமை கிடைத்த பின்னும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் பிரிவொன்று, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வருவோர்க்கு மட்டும் எந்தப் பிரிவும் தடை செய்ததில்லை!

இன்னொன்றும் நினைவில் உறுத்திற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுள் இருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கு அந்நாட்களில் மாறிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கு மேல் என்றனர். பின்னர் குறைத்துச் சொன்னார்கள். தொலைவிலுள்ள தீவின் தொகையை மனப்பாடமாகச் சொல்லும் நாம், எம் மலைச்சரிவில் வாழ்வோரை ஒருநாளேனும் எண்ணினோமா?

மறுநாள் வகுப்பில் அம்மாணவியிடம், "நேற்று நீ கேட்டது பாடந்தான், பிள்ளை, தவறு எம்முடையது" என்றோம். பின்பு, அவரவர் ஊரின் படத்தை வரைந்து குடித்தொகையையும் எழுதி வருமாறு எல்லோரையும் பணித்தோம்.

அவள் படம் திங்கட்கிழமை வந்தது. பிரட்டுக்களம், மாரியம்மன் கோயில், இரண்டு பீலிகள் யாவும் இருந்தன. ஒவ்வொரு லயத்தின் மீதும் ஆட்தொகை. ஓரிடத்தில், "நேத்துப் பிறந்த தம்பியோட சேர்த்து" என்ற குறிப்பு. கடைசி லயத்தின் பின்னே, மண் வெடித்திருக்கும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.