பி.எஃப். வேறு, கிராஜுவிட்டி வேறு
வேலையை விட்டு நிற்கும் மில் தொழிலாளர்கள் பலர், பி.எஃப். பணம் வந்ததும் கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கிராஜுவிட்டியும் அதில் அடக்கம் என்ற நினைப்பு.

இல்லை. பி.எஃப். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் சேமிப்பு. முதலாளியும் தன் பங்கைப் போடுவார். கிராஜுவிட்டிக்கு ஒரு பைசா பிடிப்பதில்லை, முழுக்க நிறுவனம் தர வேண்டியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பணியிலிருக்கும்போதே தொழிலாளி இறந்துவிட்டால் அந்த நிபந்தனையும் கிடையாது. குடும்பம் கேட்டு வாங்கலாம். பல வீடுகளுக்கு இது தெரியாமலே போவதுதான் வேதனை.

கிராஜுவிட்டி எவ்வளவு வரும்? கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 500. ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், அதாவது 7,500. பத்து வருட வேலைக்கு 75,000 ரூபாய். முப்பது நாளுக்குள் தர வேண்டும்; தாமதித்தால் வட்டியும் உண்டு.