உறைபனியும் கம்பியின் உறையும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் தாம்பரத்தார் காதுகளைக் கம்பளியால் மூடிக்கொண்டு, குளிர் பொறுக்கவில்லையென முறையிடுவர். வெப்பமானியோ 18 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயிலைக் கண்ட ஊர் இது. எனினும் இங்குள்ள மின்கம்பிகள் குளிரை அறியா. மெய்யான குளிரிற் கம்பி எவ்வாறு மாறுமென்பதை நான் சென்ற ஜனவரியில் உதகமண்டலத்திற் கண்டேன்.

முடிச்சூரில் வாழும் என் சிறிய தந்தையார் வீடுகளுக்கு மின்கம்பி போடும் தொழிலினர். மலைமேல் ஒரு விருந்தினர் இல்லத்தில் வேலை கிடைக்கவே, விடுமுறையிலிருந்த என்னையும் கையுதவிக்கு அழைத்துச் சென்றார். உதகை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. தை மாதத்து இரவுகளில் அங்குப் புல்வெளியெல்லாம் உறைபனி படியும். நாங்கள் சென்ற மறுநாட் காலை, முற்றத்திற் கிடந்த கம்பிச் சுருள்கள் மீதும் அது வெள்ளையாய்ப் படிந்திருந்தது. எடுத்தாற் குழைந்து தொங்கவேண்டிய கம்பி பிரம்பு போல விறைத்து நின்றது.

இதன் காரணம் அறியத்தக்கது. உள்ளிருக்கும் செம்புக்கு அக்குளிர் ஒரு பொருட்டன்று, மேலுள்ள பி.வி.சி. உறையே துன்புறுவது. சுவரிற் பதிக்கும் வன்மையான பைப்பும் அவ்வுறையும் ஒரே குலத்தன. எண்ணெய் போன்றதொரு மென்மையூட்டியைக் கலந்தே உறைக்கு நெகிழ்ச்சி உண்டாக்குகின்றனர். குளிர் மிகுந்தால் அந்நெகிழ்ச்சி குன்றி, உறை தன் பழைய குலத்தை நினைத்துக்கொள்ளும்! அந்நேரத்திற் சடக்கென வளைத்தாலும், சுத்தியல் பட்டாலும், சுருளைத் தரையில் எறிந்தாலும் மயிரிழை போன்ற வெடிப்புக் காணக்கூடும். மலிவான சரக்காயின் கேட்கவே வேண்டா. சுருக்கமும் உண்டு. 90 மீட்டர்ச் சுருளொன்றிற் செம்பு 20 பாகைக் குளிர்ச்சிக்கு 3 சென்டிமீட்டரளவு குறுகும். உறையோ அதனினும் பன்மடங்கு குறுக முயலும். ஆதலின் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டாது, பெட்டிகளிற் சிறிது தளரவிடுதல் வேண்டும்.

மேற்பார்வையாளர் அன்றே வேலையைத் தொடங்கும்படி நெருக்கினார். சித்தப்பா இணங்கவில்லை. சுருள்களைச் சமையற்கட்டுக்கு அடுத்த அறையில் அடுக்கி, ஒரு பகலும் ஓரிரவும் கிடக்கட்டும் என்றார். அடுப்பருகில் வைத்து விரைவிற் சூடேற்றலாகாதோ என்று வினவினேன். "மேல்சுற்று இளகிப்போகும் தம்பி, உள்சுற்று விறைப்பாவே இருக்கும்" என்றார்.

"பைப்புக்குள்ளே போய்விட்ட கம்பியை யாரப்பா பார்க்கப்போகிறார்கள்?" என்றார் மேற்பார்வையாளர்.

"தண்ணீர் பார்க்கும், ஐயா."

எங்கள் பகுதியார்க்கு அவ்விடை எளிதில் விளங்கும். 2015 டிசம்பரிலும், மிக்சாங் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் முடிச்சூர், வரதராசபுரம் பக்கத்து வீடுகளில் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின் வீடு வீடாகச் சென்று கம்பிகளைச் சோதித்தவருள் அவரும் ஒருவர். உறையிற் காயம்பட்ட கம்பி உலர்ந்த நாட்களில் ஆண்டுக்கணக்காய் விளக்கெரிக்கும். சுவர் நனைந்த அன்றோ அக்காயத்தின் வழியே மின்சாரம் சுவரிற் கசியும். ஒரு வீட்டில் ஈரச்சுவரிற் கைவைத்த சிறுமி அலறி விழுந்ததை அவர் நேரிற் கண்டார். பைப்பின் கூரிய விளிம்பில், யாரோ அவசரமாக இழுத்த கம்பி கீறுண்டிருந்ததாம். சிறுமி பிழைத்தாள். ஆயினும் அந்த அலறலைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

மறுநாள் வெயிலேறிய பின் வேலை தொடங்கிற்று. கம்பி மீண்டும் குழைந்திருந்தது. ஒரு முனையில் நான் பைப்புக்குள் மெல்ல ஊட்ட, மறுமுனையில் அவர் இழுத்தார். தடைபட்டபோது வலிந்திழுக்காது திரும்ப எடுத்தார். முடிவில் மெகரை வைத்து 500 வோல்ட்டிற் சோதித்து, ஒவ்வொரு வழியும் குறையற்றதெனக் கண்ட பின்னரே இணைப்புக் கொடுத்தார்.

காத்திருந்த நாளுக்குக் கூலி இல்லையென்று மேற்பார்வையாளர் கணக்கிற் பிடித்துக்கொண்டார். சித்தப்பா மறுமொழி கூறவில்லை. மிஞ்சிய கம்பியைத் தம் கம்பளித் துண்டிற் சுற்றிப் பையில் வைத்தார். மேட்டுப்பாளையம் வரும்வரையில் அவருடைய காதுகள்தாம் குளிரிற் கிடந்தன.