பந்தயக் காரும் பெயரில்லாக் கரங்களும்

பழைய கார்களைப் புதுப்பிப்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பித்த ஆசிரியர் இருவரும், உயர்தர வகுப்பை முடித்து வேலையின்றி இருந்த மாணவர் இருவருமாக நாங்கள் நால்வர், 1994ஆம் ஆண்டில் துருவேறிய பந்தயக் காரொன்றை விலைக்கு வாங்கும்வரை அந்த எண்ணம் மாறவில்லை.

அரசின் வசமிருந்த பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அயல் தோட்டமொன்றின் பங்களாக் கராஜைத் துப்புரவு செய்தபொழுது வெளியே வந்த பொருள்களுள் அந்தக் காரும் ஒன்று. பழைய இரும்பு வியாபாரியின் லொறியில் அது ஏறுவதைக் கண்டு, இரும்பின் நிறைக்குரிய விலையைக் கொடுத்து இறக்கிக்கொண்டோம்.

அது ஒஸ்டின் செவன் வகையைச் சேர்ந்தது. 1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இச்சிறு கார், சாதாரண வருவாய் உடையோரும் வாங்கத்தக்கதாக அமைக்கப்பட்டது. நான்கு சிலிண்டர், 747 கன சென்ரிமீற்றர், தண்ணீரைச் சுழற்றும் பம்பும் இல்லை. சூடேறிய நீர் மேலெழுந்து, குளிர்ந்து, தானே கீழிறங்கும். எளிமையும் மலிவும் இருந்தமையால் இளைஞர் பலர் இதன் உடற்கூட்டைக் கழற்றியெறிந்து பந்தயக் காராக்கினர். கொலின் சப்மன் 1948இல் தமது முதற் காரை ஆக்கியது பழைய ஒஸ்டின் செவன் ஒன்றைக்கொண்டே. லோட்டஸ் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. நியூசிலாந்தில் புரூஸ் மக்லாரன் என்ற சிறுவன், துண்டு துண்டாக வந்த ஒஸ்டின் செவன் ஒன்றைத் தந்தையோடு சேர்ந்து பூட்டி, 1952இல் தன் முதற் போட்டியில் ஓட்டினான். அவர்களின் பெயர்களை உலகம் அறியும்.

இலங்கையில் இந்த விளையாட்டு வளர்ந்ததில் தோட்டத் துரைமார்க்குப் பெரும் பங்குண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டைத் தேயிலைச் சரிவில் மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. எங்கள் காரும் யுத்தத்திற்கு முன்னர் சபரகமுவவிலிருந்து அங்கே சென்று ஏறியதாகத் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஓட்டிய துரையின் பெயரைச் சொல்லச் சிலர் இருந்தனர். காரைத் தயார்செய்தவர் யாரென்று நாங்கள் கேட்கவுமில்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவுமில்லை.

இரத்தினபுரியின் மழை இரும்பை விட்டுவைப்பதில்லை. பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தன. நாங்கள் புத்தகம் படித்தவர்கள். ஆகவே சுத்தியலை எடுத்தோம். இரண்டாவது அடியில் அலுமினிய அடிப்பெட்டியின் காதொன்று முறிந்தது. வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அப்பொழுது உள்ளே வந்தார்.

"சுத்தியல வையுங்க மாஸ்டர். எண்ணெய ஊத்திட்டு, பத்து நாளைக்குப் போயிப் புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்லிக் குடுங்க" என்றார்.

மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றினார். பதினோராம் நாள் மரக்கட்டையால் மெல்லத் தட்ட, பிஸ்டன் இறங்கியது.

அவர் தேயிலைத் தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற பிட்டர், வயது எழுபது. பன்னிரண்டு வயதில் பட்டறைக்குள் நுழைந்தவர். கிராங்கோடு பிஸ்டனை இணைக்கும் தண்டுகளுக்கு வைட் மெட்டல் வார்க்கவேண்டியிருந்தது. விறகடுப்பில் இரும்பகப்பையை வைத்து அவர் அதை உருக்கினார். சூட்டை அளக்கக் காய்ந்த குச்சியொன்றை அதில் அமிழ்த்தி, அது கருகும் விதத்தைப் பார்த்தார். வார்த்தபின் கிராங்கில் மைபூசிச் சுழற்றி, மைபட்ட மேட்டை மட்டும் சுரண்டினார். இவ்வாறு நாற்பது தடவையேனும் செய்திருப்பார். பௌதிகம் கற்பித்த எங்களில் ஒருவருக்கு உராய்வு என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கிற்று.

கடைசல் வேலைக்கு அடுத்த கிராமத்துச் சிங்கள பாஸ் ஒருவரிடம் போகவேண்டியிருந்தது. 1981 ஆகஸ்டில் இம்மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டன. அதன்பின் அவ்விருவரும் பேசிக்கொண்டதில்லை. பதின்மூன்று ஆண்டுகளின் பின் அவர்கள் பேசிய முதற் பேச்சு ஓர் அச்சின் அளவைப் பற்றியதாகவே இருந்தது. இரண்டாம் நாள் பாஸின் வீட்டிலிருந்து தேநீர் வந்தது. எரித்தவர்களைப் பற்றி இருவரும் எதுவும் கூறவில்லை. ஆயினும், கூலி வாங்க பாஸ் மறுத்துவிட்டார்.

முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னைக் கழற்றியபொழுது, அதைத் தாங்கிய பித்தளைப் புஷ்ஷில் 'மு' என்ற எழுத்து உளியாற் குத்தப்பட்டிருந்தது. பெரியவர் அதைத் துடைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்க மாமா குத்தின குத்து. கப்பல்ல சாமான் வர மாசக்கணக்காகும், பந்தயம் நிக்குமா? ரோலர்ல தேஞ்ச பித்தளைய உருக்கி, ஒரே ராவுல கடைஞ்சாரு. லாம்பு புடிச்சவன் நானு."

தேயிலையை உருட்டிய பித்தளை, பந்தயத்தில் ஓடியிருக்கிறது! ஓட்டியவர் கோப்பையோடு திரும்பினாரா என்பது எங்களுக்குத் தெரியாது. கடைந்தவர் மறுநாட் காலைப் பிரட்டுக்குச் சென்றார் என்பது மட்டும் தெரியும்.

காருக்குப் பத்திரம் எடுக்க முயன்றோம். பழைய கோவையொன்றில் அதன் பதிவு பத்திரமாகவே இருந்தது. சில வாரங்களிற் பிரதி கிடைத்தது. அதைப் பெரியவரிடம் காட்டினோம். "அப்ப காருக்குப் பிரஜாவுரிமை கெடச்சிருச்சு" என்று சொல்லிச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர் அவர். 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதற்கென ஒதுக்கியது. அவர் இந்தியக் கடவுச்சீட்டும் பெற்றார். புறப்படுமுன் 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. லயக் காம்பராவிலேயே தங்கிவிட்டார். அவரைப் போன்றோர்க்கு வழிசெய்த 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே அவர் காலமாகிவிட்டார். அவர் கை பட்ட இயந்திரத்திற்கு இந்நாட்டிற் பதிவு இருந்தது; அவருக்கு இருக்கவில்லை.

1996இல் கார் ஓடியது. அதைக் கேள்விப்பட்டுக் கொழும்பிலிருந்து சேகரிப்பாளர் ஒருவர் வந்தார். நல்ல விலை பேசினார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். தோட்டத்திற் செய்த பாகங்களை அகற்றி, இங்கிலாந்திலிருந்து அசற் பாகங்களைத் தருவித்துப் பூட்டவேண்டும். அப்பொழுதுதான் அது 'உண்மையான' கார் ஆகுமாம்.

அன்றிரவு எங்களுக்குள் கடும் வாக்குவாதம் எழுந்தது. மாணவருள் ஒருவன் வெளிநாட்டு வேலைக்கான ஏஜென்சிப் பணத்திற்கு அலைந்துகொண்டிருந்தான். "புஷ்ஷ வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறோம் சார்? எங்க வீட்டுல சோறு வேணும்" என்றான். மூவர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். விற்கவில்லை. அவன் வட்டிக்குக் கடன் வாங்கிச் சென்றான். சம்பளம் பெற்ற நாங்கள் கொள்கை பேசியது எளிது. அவனுடைய கோபம் நியாயமற்றதென்று இன்றும் எங்களாற் கூறவியலாது.

ஆயினும் எங்கள் கேள்வி அப்படியே நிற்கின்றது. எது அசல்? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிலை மட்டுமா? ஒரு பொருளை அறுபதாண்டுகள் உயிரோடு வைத்திருந்த உழைப்பை அழித்துவிட்டு, அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் சூட்டலாகுமா?

கார் இப்பொழுது பாஸின் கொட்டிலில் நிற்கிறது. அவர் மகனிடம் தொழில் பழகும் தமிழ், சிங்கள இளைஞர் அதைக் கழற்றிப் பூட்டுகின்றனர். அதன் ஆசனத்தின் கீழ் ஒரு பாடசாலைக் கொப்பி உண்டு. எந்தப் பாகத்தை யார், எப்பொழுது, எந்த உலோகத்தாற் செய்தார் என்று பெரியவர் சொல்லச் சொல்ல எழுதியது. முதல் வரியில் அவருடைய மாமாவின் முழுப்பெயர் இருக்கிறது. ஓட்டியவரின் பெயரைக் கேட்போர் கடைந்தவரின் பெயரையும் கேட்டால், சபரகமுவத் தோட்டங்களிலிருந்து இத்தகைய கொப்பிகள் பல எழுதப்படும். சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே எஞ்சியுள்ளனர். கேட்பதற்கு இனியும் தாமதிக்கலாகாது.