இடுப்புதான் காற்று

செவ்வாய்

எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் காலையில் நடக்கும் சீன உடற்பயிற்சி வகுப்பில் அம்மா, நான், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய் ஆன்ட்டி, இந்த மூவரையும் தவிர எல்லாரும் சீனர்கள். எங்களுக்குப் புரியட்டும் என்று எங்கள் ஆசிரியர் லாவ்ஷி அசைவுகளுக்கு எண் போட்டுவிட்டார். “நம்பர் டூ, ஆன்ட்டி. இப்போ நம்பர் த்ரீ.” மற்றவர்களுக்கு அதே அசைவைக் காட்சியாகச் சொல்கிறார்: வானத்தைத் தாங்கு, கழுகை எய்ய வில்லை இழு. நல்ல மனத்தோடுதான் செய்கிறார். ஆனாலும் பயிற்சியில் பாதி அந்தக் காட்சிகளில் இருக்கிறது. அது எங்களுக்கு வந்து சேரவில்லை.

இப்போது பழகுவது பாதுவான்ஜின். சிகோங் எனும் சீன மூச்சுப் பயிற்சி வகைகளில் பரவலானது. எட்டுத் துண்டுப் பட்டு என்று பெயர். சொங் அரசமரபுக் காலத்து நூலிலேயே இந்தப் பெயர் வருகிறது. இரண்டாவது துண்டு வில். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி, ஒரு கை நாணை இழுக்க, மறு கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நிமிர்ந்திருக்க, பார்வை அந்த விரல் நுனியைத் தாண்டிப் போக வேண்டும். எண்ணைக் கேட்டதும் அம்மா கையைப் பக்கவாட்டில் நீட்டினார், அவ்வளவுதான். “அம்மா, கையில வில் இருக்கு. மேல கழுகு பறக்குது, பாருங்க” என்றேன். தோள் பின்னுக்குப் போனது. மார்பு விரிந்தது. கழுத்து தானாகத் திரும்பியது. தோளை, மார்பை, கழுத்தை என்று தனித்தனியாகச் சொல்லியிருந்தால் ஏதாவது ஒன்றுதான் நடந்திருக்கும்.

புதன்

வகுப்பு இல்லை. அம்மா குளியலறையில் விழுந்து எழுந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறார். எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை.

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குத் தாய் சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சி, இன்னொன்றுக்கு எடைப் பயிற்சி, மூன்றாவதற்குத் தசை நீட்டும் பயிற்சி. வாரம் இரண்டு முறை, 24 வாரம். நிலைகுலையாமல் எவ்வளவு தூரம் சாய முடிகிறது என்ற சோதனையில் தாய் சி குழு மற்ற இரண்டையும் முந்தியது. நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் விழுந்ததும் குறைவு. அம்மாவுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் சாயப் பயப்படும் உடம்புக்குச் சாய்வதைத்தான் பழக்க வேண்டும் என்பது எனக்கு இதில் தெளிவாகிறது.

வெள்ளி

இன்று தாய் சி. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் குடும்பத்தின் பாணியிலிருந்து சுருக்கி அமைத்த 24 அசைவுத் தொகுப்பு. மெதுவாகச் செய்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

தொடக்கத்தில் இரண்டு காலும் சேர்ந்திருக்கும். இன்னும் எதுவும் பிரியாத நிலை அது, வூஜி. இடது கால் தோளகலத்துக்கு விலகி ஊன்றியதும் இரண்டாகிவிடுகிறது: இடம் வலம், நிறைந்தது வெறுமையானது, யின் யாங். உலகம் உண்டான விதத்தை ஒரே அடியில் சொல்லிவிடுகிறார்கள்! அதன்பிறகு வரும் ஒவ்வோர் அடியிலும் அதே விஷயம்தான். எடை முழுவதும் ஒரு காலில் இறங்கி நிறைந்த பிறகே, வெறுமையான மறு கால் எழலாம். கறுப்பும் வெளுப்பும் சுழலும் அந்த வட்டத்தைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதைவிடப் பாதத்தில் உணர்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மேகக் கைகள் என்ற அசைவில் அம்மா திணறினார். ஒரு கை முகத்துக்கு நேராக, உள்ளங்கை தன்னைப் பார்க்கக் கடந்து போகும். மறு கை வயிற்றுக்கு நேராக எதிர்ப்பக்கம் போகும். பிறகு இரண்டும் இடம் மாறும். கூடவே பக்கவாட்டில் அடிவைக்க வேண்டும். அம்மாவின் கைகள் மட்டும் சுற்றின, உடம்பு கம்பமாக நின்றது. லாவ்ஷி பக்கத்தில் வந்து, எண்களையெல்லாம் மறந்து, “மேகம் தானா நகராது, ஆன்ட்டி. காத்துதான் நகர்த்தும். உங்க இடுப்புதான் காத்து” என்றார்.

இடுப்பு திரும்பியது. கை பின்னாலேயே வந்தது. எடை இடது காலிலிருந்து வலது காலுக்குப் போனது அம்மாவுக்கே தெரியவில்லை. சுவரும் இல்லை, என் தோளும் இல்லை.

ஞாயிறு

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் போனில் வகுப்பைப் பற்றிக் கேட்டு, “அக்கா, இதெல்லாம் நம்ம போதிதர்மர் கொடுத்ததுதானே?” என்றான். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சீனா போன பௌத்தத் துறவி என்று சில சீன நூல்களே சொல்கின்றன, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் பெயரில் வழங்கும் இஜின்ஜிங் என்ற பயிற்சி நூல் வெளிப்பட்டது 17ஆம் நூற்றாண்டில். அவர் வாழ்ந்ததோ ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு வாக்கில். அதற்கும் மிக முன்னால், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறை சாங்ஷா நகரில் மாவாங்துய் என்ற இடத்தில் இருக்கிறது. 1973இல் அதைத் தோண்டத் தொடங்கியபோது கிடைத்த பட்டுத் துணியில் 44 உருவங்கள், ஆணும் பெண்ணுமாக, கையை வீசியும் குனிந்தும் உடற்பயிற்சி செய்கின்றன. பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களில் கரடி, குரங்கு, கொக்கு எல்லாம் உண்டு. கி.பி. 208 வாக்கில் இறந்த மருத்துவர் ஹுவா துவோ புலி, மான், கரடி, குரங்கு, பறவை என ஐந்து விலங்குகளின் ஆட்டத்தைச் சீடருக்குக் கற்பித்தார். இன்று பழகுகிறவர்கள் புலியைக் கல்லீரலுக்கும் மானைச் சிறுநீரகத்துக்கும் பறவையை நுரையீரலுக்கும் உரியதாகச் சொல்கிறார்கள். உறுப்புக் கணக்கை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் பறவையாக நினைத்து இரு கையையும் விரித்தால் மூச்சு ஆழமாகிறது, அது என் நெஞ்சிலேயே தெரிகிறது.

இத்தனை பேர் சேர்த்துவைத்ததை ஒருவர் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். முழுக்கச் சம்மதிக்கவில்லை. பட்டுத் துணியின் படத்தை அனுப்பச் சொன்னான்.

திங்கள்

தாய் சியில் வரும் ‘சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல்’ என்பதைப் பற்றியே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாங்குதல், பின்னிழுத்தல், அழுத்துதல், தள்ளுதல் என நான்கு செயல் அடங்கிய அசைவு. யாங் பாணிக்கு உயிர் இதுதான் என்பார்கள். சண்டைக் கலையில் இதற்குப் பொருள், எதிராளியின் கையோடு ஒட்டியிருந்து அவன் பலம் எங்கே போகிறது என்று தொட்டே அறிவது. யாங் குடும்பத்து ஆசான் ஒருவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் உள்ளங்கையில் உட்கார்ந்த குருவியால் பறக்கவே முடியவில்லையாம். பறக்க வேண்டுமானால் காலால் எதையாவது உதைத்து எழ வேண்டும். அது உதைக்கும்போதெல்லாம் அவர் கை அதே அளவுக்குத் தாழ்ந்து போகும். அதற்கு எதிர்ப்பே கிடைக்கவில்லை.

நடந்ததோ இல்லையோ, எவ்வளவு மென்மையாகத் தொட வேண்டும் என்பதை இந்தக் கதையைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாலை இறுகப் பிடித்தால் இறகு கையோடு வரும், விட்டால் குருவி போய்விடும்.

செவ்வாய்

வகுப்புக்கு முன் லாவ்ஷியிடம் கேட்டுவிட்டேன்: எங்களுக்கும் எண் வேண்டாம், காட்சியையே சொல்லுங்கள். அவர் சற்று யோசித்து, “நான் சொல்றேன், நீங்க அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லுங்க” என்றார். மக்சிக்குக்கு அவரே மலாயில் சொன்னார்: லாங்கிட், பூரோங், ஆவான். வானம், பறவை, மேகம்.

பாதுவான்ஜினின் ஏழாவது துண்டு வந்தது: கைமுட்டியை மடக்கி, கண்ணை அகல விழித்து முறைத்து, குத்த வேண்டும். கல்லீரல் கண் வழியே திறக்கிறது என்பது சீன மருத்துவக் கருத்து. முறைத்தால் அதற்கு ஊக்கம் கிடைக்குமாம். அம்மா என்னைப் பார்த்தார்.

“யாரைடி முறைக்கிறது?”

“அந்தக் குளியலறைத் தரையை, அம்மா.”

குதிரை நிலையில் தாழ்ந்து உட்கார்ந்து, முறைத்து, நன்றாகவே ஒரு குத்து விட்டார். லாவ்ஷி தலையசைத்து, மறு கையாலும் அதே மாதிரி செய்யச் சொன்னார்.