கொக்கி மாட்டின பிறகு பேரம் கிடையாது

இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட் எல்லாம் ஒருவழியாக முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி பாதிப் பேரைத் தூங்க வைத்தேன் என்று வகுப்பில் புகார். அதனால் இந்த முறை ரோட்டுக்கே வந்துவிட்டேன். பழுதாகி நிற்கிற வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்களே, அந்த ரெக்கவரி வண்டிக் கம்பெனிகள்தான் மேட்டர்.

இவர்களைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதுவதை சும்மா ஒரு நாள் படித்துப் பாருங்கள். ஓட்டல் என்றால் "சாம்பார் சுமார், காபி நல்லா இருந்தது, மூணு நட்சத்திரம்" என்று நடுவாக எழுத ஆள் இருக்கும். இங்கே நடு என்பதே கிடையாது. ஒன்று "நடுராத்திரியில் தெய்வம் மாதிரி வந்தார்கள்", இல்லாவிட்டால் "பகல் கொள்ளை, யாரும் போகாதீர்கள்". முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சித்தப்பா விஷயத்தில் ஒரே கம்பெனியிடம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டையும் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சித்தப்பா கால் டாக்ஸி ஓட்டுகிறார். சொந்த வண்டி, அதாவது பாதி அவருடையது, பாதி ஃபைனான்ஸ்காரருடையது. விழுப்புரத்தில் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போது திண்டிவனம் தாண்டி, ஆத்தூர் டோல்கேட்டுக்கு முன்னாலேயே கிளட்ச் போய்விட்டது. மணி இரவு பதினொன்று. தேசிய நெடுஞ்சாலை என்பதால் 1033-க்கு அடித்தார். அவர்கள் வண்டியை ஓரம்கட்டி வைக்க உதவினார்கள். ஆனால் அங்கிருந்து கூடுவாஞ்சேரியில் அவர் வழக்கமாக விடுகிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை இல்லையே, எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். தெரிந்த மெக்கானிக் ஒரு நம்பர் கொடுத்தார். போனில் பேசிய தொகை 4,500 ரூபாய்.

ஒன்றரை மணி நேரத்தில் ஃப்ளாட்பெட் லாரி வந்தது. ஓட்டிவந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். சித்தப்பா அவனைப் பற்றி இன்றைக்கும் நல்லபடியாகத்தான் சொல்கிறார். டயருக்கு மேல் பெல்ட் போட்டு நான்கு பக்கமும் கட்டி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து, "உள்ள விலையுள்ள பொருள் ஏதும் இருந்தா எடுத்துக்கங்கண்ணே" என்று சொல்லி, வழியில் டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பம்பரில் கயிற்றைக் கட்டி இழுக்கிற ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் ஓட்டுவது முன்சக்கரங்களைத்தான். அந்தச் சக்கரங்கள் தரையில் உருள, பின்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் கியர்பாக்ஸுக்கு ஆபத்து. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எஞ்சின் ஓடாதபோது கியருக்கு எண்ணெய் போகாது, அதனால் இன்னும் மோசம். எலெக்ட்ரிக் காருக்கு ஃப்ளாட்பெட்தான் பாதுகாப்பு. மழை வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் சாவியையே திருப்பக்கூடாது. இதெல்லாம் அந்தப் பையனுக்குப் பாடமாகத் தெரிந்திருக்கிறது.

கூடுவாஞ்சேரி வரும்போது விடிகாலை மூன்று மணி. ஒர்க்‌ஷாப் பூட்டியிருக்கும், யார்டில் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓனர் போனிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பாவும் சரி என்றார். வேறு என்ன செய்வார், காரைத் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும்?

காலை பத்து மணிக்கு நானும் கூடப் போனேன். பில் 9,200 ரூபாய். இரவு சார்ஜ், திரும்பிப் போகிற காலி கிலோமீட்டர், காத்திருந்த நேரம், இரண்டு டோல், யார்டு வாடகை. "4,500-ன்னு சொன்னீங்களே சார்" என்று சித்தப்பா கேட்டதற்கு, "அது பேசிக் ரேட்டுண்ணே" என்று பதில். பேசிக் என்ற வார்த்தை ராத்திரி போனில் வரவே இல்லை. "4,500-ம் டோலும் தர்றேன்" என்றார் சித்தப்பா. முழுசாகக் கட்டினால்தான் கேட் திறக்கும் என்றார்கள்.

சித்தப்பா எதிர்த்து நிற்கக்கூடிய ஆள்தான். ஆனால் அன்று அவர் போட்ட கணக்கு வேறு. வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் சவாரி வருமானம் போகும். மாதத் தவணை 14,200 என்றால் நாளொன்றுக்கு 470 சொச்சம், அது வண்டி ஓடினாலும் நின்றாலும் ஓடும். கிளட்ச் மாற்றவே இரண்டு நாள். அதன் மேல் சண்டை போட இன்னும் இரண்டு நாளா? கட்டிவிட்டார். இன்ஷூரன்ஸில் ஏதாவது வருமா என்று பாலிசியைப் புரட்டினேன். சொந்தச் சேதத்துக்கான சாதாரண பாலிசிகளில் வண்டியை இழுத்துப்போகிற செலவுக்கு ஒரு வரி உண்டு. 2002-ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃபில் சொந்தக் காருக்கு 1,500, இருசக்கர வாகனத்துக்கு 300, டாக்ஸிக்கும் 1,500 என்று வைத்தார்கள். பல பாலிசிகளில் இன்றும் அதே எண்தான் உட்கார்ந்திருக்கிறது! அதுவும் விபத்துச் சேதத்துக்கு மட்டும். தானாகப் பழுதானால் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் என்று தனியாகப் பணம் கட்டி வாங்கியிருக்க வேண்டும். சித்தப்பா வாங்கவில்லை.

இப்போது காமர்ஸ் மாணவனாகக் கொஞ்சம் யோசிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

மளிகைக் கடை அண்ணாச்சி நம்மை ஏமாற்றமாட்டார். காரணம் அவர் மகான் என்பதல்ல, நாளைக்கும் நாம் பால் பாக்கெட் வாங்க வருவோம் என்பதுதான். ரெக்கவரி வண்டியை ஒரு மனிதன் வாழ்க்கையில் எத்தனை தடவை கூப்பிடுவான்? இரண்டு? மூன்று? நாம் திரும்பி வரப்போவதில்லை என்று ஓனருக்குத் தெரியும். அவருக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுக்கிறவர்கள் நம்பர் கொடுக்கிற மெக்கானிக்கும் ஒர்க்‌ஷாப்பும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும்தான். ஆக அவருடைய உண்மையான வாடிக்கையாளர் அவர்கள். சித்தப்பா லாரியில் ஏற்றப்பட்ட சரக்கு, அவ்வளவே. இதை நினைத்துக்கொண்டு அந்த நட்சத்திரங்களைப் படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் டிரைவருக்கு விழுகிறது. ஒற்றை நட்சத்திரம் பில்லுக்கு.

ஓனர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிய லாரி, சவாரி வராத நாளில் சும்மா நிற்கும். போகும்போது அல்லது வரும்போது ஒரு பக்கம் காலியாகத்தான் ஓடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் முங்கிய கார்களுக்கு ரெக்கவரி வண்டி கிடைக்கவே இல்லை, என்ன ரேட் சொன்னாலும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தியது சும்மா இல்லை. அதனால் 9,200 வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ராத்திரியே 9,200 என்று சொல்லியிருந்தால் சித்தப்பா திண்டிவனத்திலேயே ஒரு மெக்கானிக்கைப் பார்த்திருப்பார். அந்த வாய்ப்பைத்தான் பறித்தார்கள்.

(போலீஸ் தூக்கிக்கொண்டு போவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127 படி தடை செய்த இடத்தில் நிறுத்தினாலோ, பொது இடத்தில் பத்து மணி நேரம் கேட்பாரற்று விட்டாலோ சீருடையில் இருக்கும் அதிகாரி வண்டியை அகற்றச் சொல்லலாம். இழுத்த கூலியும் நம் தலையில்தான். அங்கே பேரமாவது, ஒப்பந்தமாவது.)

வீட்டுக்கு வந்து பிசினஸ் லா புத்தகத்தை எடுத்தேன். தேர்வுக்கு முந்தின ராத்திரி தவிர அதை நான் திறந்தது அன்றைக்குத்தான் ;) இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872. வண்டியை ஒருவரிடம் ஒப்படைப்பது பெயில்மென்ட், பிரிவு 148. பொருளுக்கு உழைப்போ திறமையோ செலவழித்தவர் கூலி வரும்வரை அதைப் பிடித்துவைக்கலாம் என்கிறது 170. ஆஹா, ஓனர் பக்கம்தான் சட்டம் போலிருக்கே என்று தோன்றும். ஆனால் அங்கே சொல்வது உரிய கூலி. பேசின கூலியைக் கையில் நீட்டிய பிறகும் பிடித்துவைத்தால்? சட்டவிரோதமாகப் பொருளைத் தடுத்துவைப்பதும் வற்புறுத்தல்தான் என்று பிரிவு 15 சொல்கிறது. வற்புறுத்தலில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 72. 1731-இல் இங்கிலாந்தில் ஆஸ்ட்லி எதிர் ரேனால்ட்ஸ் என்று ஒரு வழக்கு. அடகுக் கடைக்காரர் 20 பவுண்டு கடனுக்கு 10 பவுண்டு வட்டி கேட்டு வெள்ளிப் பாத்திரங்களைத் தரமறுத்தார். கேட்டதைக் கொடுத்து பாத்திரத்தை மீட்டவர், அப்புறம் வழக்குப் போட்டு அதிகப்படியைத் திரும்ப வாங்கினார். கொடுத்துவிட்டதாலேயே சம்மதித்ததாக ஆகாது என்பது கோர்ட்டின் நிலை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே நடந்ததும் நம் யார்டு கேட்டில் நடந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது.

ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பில் நகல், இரவு போன் வந்த நேரம், கொடுக்க முன்வந்த தொகை, இந்தப் பிரிவுகள், இரண்டு டோல் போக மீதியைத் திருப்பக் கோரிக்கை. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று கடைசி வரி. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் கீழே குறித்துவைத்தேன். சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் எவன்பா பயப்படுவான்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் ஓனரே போன் செய்தார். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணே, ரெண்டாயிரம் அனுப்பி விட்டுடறேன், நெட்ல மட்டும் எதுவும் எழுதிடாதீங்க." சித்தப்பா வாங்கிக்கொண்டார். எனக்கு ஆணையம் வரைக்கும் போகவேண்டும் என்று ஆசை. அவருக்கு ஹியரிங் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சவாரி. யார் கணக்கு சரி என்று அவரோடு நான் வாதாடவில்லை.

இப்போது அவர் ஸ்டாண்டு டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நான் எழுதிக் கொடுத்த நாலு வரி ஒட்டியிருக்கிறது: ஏற்றுவதற்கு முன்னால் டோல், இரவு சார்ஜ், திரும்புகிற கிலோமீட்டர் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை மெசேஜில் வாங்கு. இறக்குகிற இடத்தைப் பெயரோடு எழுது. யார்டு என்றால் வாடகை எவ்வளவு என்று கேள். ஏற்றும்போது நான்கு பக்கமும் போட்டோ எடு. அதோடு அந்த டிரைவர் தம்பியின் சொந்த நம்பரும் இருக்கிறது. பையன் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டானாம்.

போன வாரம் ஸ்டாண்டு அண்ணன் ஒருத்தர் நகைக்கடன் நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டி, "தம்பி, அந்தப் பிரிவு எழுபத்திரண்டு இதுக்கும் வருமா?" என்று கேட்டார். நான் பி.காம். இரண்டாம் வருஷம்தான் அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். நம்பமாட்டேன் என்கிறார்.